ஒரு டின் கடிதம், ஏழு லாட்: அயர்லாந்து மறுமலர்ச்சிக் காலக் குடும்பக் காகிதங்களை ஏலம் விடலாமா?

கால்வேக்காரன் | சனி, இரவு 10.12

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மனசு ஆறவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேஜை வேண்டும் என்று இன்று பக்கத்து ஊர் ஏலக்கூடத்துக்குப் போனேன். ஏலம் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாமான்களைப் போய்ப் பார்க்கலாம். ஊர் பெயர், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம். அவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்திருக்கிறார்கள்.

மேஜைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் இருந்த காகிதங்களை எடுத்து ஏழு பிளாஸ்டிக் உறைகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டியிருந்தார்கள். அதாவது ஏலத்தில் தனித்தனியாகப் போகும் ஏழு லாட். எல்லாம் ஒரே வீட்டுக் காகிதம். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் 1900-களின் தொடக்கத்தில் கேலிக் லீக்கின் கிளைச் செயலாளராக இருந்திருக்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேசுவோர் குறைந்துகொண்டே போன ஐரிஷ் மொழியை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர 1893-ல் டக்ளஸ் ஹைட், ஓய்ன் மக்நீல் முதலானோர் டப்ளினில் தொடங்கிய சங்கம் அது. ஊருக்கு ஊர் கிளை, மாலை வகுப்பு, சைக்கிளில் ஊர் சுற்றிச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்கள். கவிஞர் யேட்ஸ், நாடகாசிரியர்கள் லேடி கிரெகரி, சிங் என்று நாம் படிக்கிற பெயர்களெல்லாம் நிற்கிற அதே இலக்கிய மறுமலர்ச்சிக் காலம்தான். இந்தக் கிளைச் செயலாளர்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

முதல் உறையில் கடிதங்கள். பழைய ஐரிஷ் எழுத்திலேயே எழுதியவை. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்கும். நம் எழுத்தில் புள்ளி வைத்தால் அகரம் போய்விடும். அவர்கள் எழுத்தில் புள்ளி வைத்தால் மெய்யின் ஒலி இளகிவிடும். மாலை வகுப்பில் இரண்டு வருஷமாகப் படிக்கிறேன், அதனால் தட்டுத்தடுமாறி வாசிக்க முடிந்தது. மேலே நாளும் மாதமும் இருக்கிறது. வருஷம் இல்லை.

இரண்டாவது உறையில் வெறும் கவர்கள். நாற்பதுக்குக் குறையாது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முகவரி முழுக்க ஐரிஷ். அதற்குக் கீழே வேறொரு கை, பென்சிலால், அவசர அவசரமாக ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. முத்திரையில் 1905. அந்த வருஷம்தான் தபால் துறைக்கும் லீக்குக்கும் பெரிய சண்டை. ஐரிஷில் மட்டும் முகவரி எழுதிய பார்சல்களை எடுக்க மாட்டோம் என்றது தபால் துறை. லீக்காரர்கள் அப்படிப்பட்ட பார்சல்களையே அள்ளிக்கொண்டு டப்ளின் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய் நின்றார்கள். அந்தச் சண்டையில் பெயர் தெரியாத ஒரு தபால் குமாஸ்தாவின் பென்சில் என் கையில் இருந்தது.

மூன்றாவதில் கணக்கு நோட்டு: சைக்கிள் டயர், விளக்குக்கு எண்ணெய், வாடகை. நான்காவதில் போட்டோ. மற்ற மூன்றிலும் விழா நிகழ்ச்சி நிரல்கள், ரசீதுகள், ஒரு பாடப்புத்தகம்.

விஷயம் இதுதான். கடிதத்தின் வருஷம் கவரில் இருக்கிறது. கவர் இரண்டாம் லாட், கடிதம் முதல் லாட். திங்கட்கிழமை ஒன்று ஒருவர் கைக்கும் மற்றொன்று இன்னொருவர் கைக்கும் போகும். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்துக்கு வருஷமே கிடையாது.

இதைச் செய்யலாமா? குடும்பத்துக்கு உரிமை உண்டு என்பது தெரியும். அதைத் தாண்டிக் கேட்கிறேன்.

வரப்பு | ஞாயிறு, காலை 7.05

அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா இந்தப் பேச்சு எங்க நடந்தாலும் பழி கடைசியில குடும்பத்து மேலதான் வந்து விழுது. நூறு வருஷத்துக்கு மேல ஒரு டின்னைத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்களே, அதுக்கு யாராவது நன்றி சொன்னாங்களா?

அந்த வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அம்மா போயிட்டாங்க. பிள்ளைங்க நாலு பேர் நாலு நாட்டுல. வீட்டை வித்தாகணும். பரணை காலி பண்ண ஒரு வாரம் லீவு. அதுல ஒருத்தருக்கும் ஐரிஷ் வாசிக்க வராது. டின்னை நாலாப் பங்கு போட முடியுமா? காசாக்கினா பங்கு போடலாம். நான் அவங்க இடத்துல இருந்தா நானும் ஏலக்கூடத்துக்குத்தான் போன் பண்ணியிருப்பேன்.

கூட்டத்துல ஒருத்தன் கைகாட்டி நூறு யூரோ கொடுக்கறான்னா அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்குன்னு ஊருக்குத் தெரியுது. ஏலம் இல்லன்னா அந்த டின் குப்பை லாரிக்குப் போயிருக்கும். நிச்சயமா.

டீச்சரம்மா | ஞாயிறு, காலை 9.48

வரப்பு தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இதே வாக்குவாதம் 2017-ல் அயர்லாந்து முழுக்க நடந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று லண்டனில் சோதபீஸ் நிறுவனம் யேட்ஸ் குடும்பத்துச் சேகரிப்பை ஏலம் விட்டது. கொடுத்தவர்கள் கவிஞரின் பேரப்பிள்ளைகள். இருநூறு லாட்டுக்கு மேல். டபிள்யூ. பி. யேட்ஸ் எழுதிய கடிதங்கள், அப்பா ஜான் பட்லர் யேட்ஸும் தம்பி ஜாக்கும் வரைந்த படங்கள், வீட்டில் புழங்கிய சாமான்கள். நாட்டின் சொத்தை வெளிநாட்டில் கூவி விற்கிறார்களே என்று எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கொதித்தார்கள். அரசே மொத்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். தேசிய நூலகமும் மற்ற அரசு நிறுவனங்களும் சிலவற்றை வாங்கின. மீதி பலர் கைக்குப் பிரிந்து போனது.

அந்தக் கோபத்தில் பலர் மறந்துபோன முன்கதை ஒன்று இருக்கிறது. 1939-ல் கவிஞர் இறந்த பிறகு அவர் மனைவி ஜார்ஜ் ஒரு துண்டுச் சீட்டைக்கூட வெளியே எறியவில்லை. தேடி வந்த ஆய்வாளர்களை வாசலோடு அனுப்பவும் இல்லை. ரிச்சர்ட் எல்மன் என்கிற இளம் அமெரிக்கர் வந்தபோது, அவர் பார்க்க விரும்பிய கையெழுத்துப் படிகளை ஒரு பழைய சூட்கேஸில் நிரப்பி அவரிடமே கொடுத்தனுப்பினார். யோசித்துப் பாருங்கள், ஒரு வெளிநாட்டு இளைஞன், கையில் ஒரு மகாகவியின் மூலப்படிகள் நிரம்பிய பெட்டி! மகன் மைக்கேல் 1985-ல் பெரும் தொகுதியாகக் கையெழுத்துப் படிகளைத் தேசிய நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். அதற்கு முன்பே எல்லாவற்றையும் மைக்ரோஃபிலிம் எடுக்க விட்டதால் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அதன் நகல் இருக்கிறது. மகள் ஆன், சித்தப்பா ஜாக்கின் வரைநோட்டுகளை 1996-ல் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். கவிஞரின் சொந்தப் புத்தகங்கள், சுமார் 3,000, 2002-ல் தேசிய நூலகம் சேர்ந்தன. இத்தனையும் கொடுத்த பிறகு மிஞ்சியதைத்தான் பேரப்பிள்ளைகள் விற்றார்கள்.

அதனால் விற்றவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கால்வேக்காரன் கேட்பது விற்பதைப் பற்றி அல்ல, உடைப்பதைப் பற்றி. அது வேறு கேள்வி. அதற்குக் குடும்பம் மட்டும் பதில் சொல்ல முடியாது.

சுத்தியல் | ஞாயிறு, காலை 11.30

ஏலத் தொழிலில் ஒன்பது வருஷம் இருந்தவன். காகிதப் பிரிவில் கேட்லாக் எழுதும் வேலை. ஏன் உடைக்கிறார்கள் என்பதை உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன்.

ஒரு டின்னை அப்படியே ஒரே லாட்டாகப் போட்டால் அதை வாங்க யார் வருவார்? நூலகம் வரும். நூலகத்துக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும், நிதியாண்டு பார்க்க வேண்டும், கேட்லாக் கையில் கிடைத்து ஏலம் நடக்க மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் முடியாது. ஆக, போட்டிக்கு ஆள் இல்லை. போட்டி இல்லாவிட்டால் விலை ஏறாது. உடைத்துப் போட்டால்? கவருக்கு ஸ்டாம்ப்காரர் வருவார். போட்டோவுக்குத் தனிக் கூட்டம். பிரபலமானவர் கையெழுத்து இருந்தால் அதற்கு ஒருவர். உள்ளூர் வரலாற்றுப் பிரியர் கணக்கு நோட்டுக்கு வருவார். கூட்டினால் முழு டின்னுக்குக் கிடைப்பதைவிட அதிகம் வரும். விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் சுத்தியல் தட்டி முடிந்த விலைக்கு மேல் நான்கில் ஒரு பங்கு வரைக்கும் கமிஷன். கம்பெனிக்கு இரண்டு பக்கமும் வருமானம்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான் செய்த வேலையில் இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. கட்டைப் பிரிக்கிறபோது அது எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கச் சொன்னதில்லை. எந்தக் கடிதம் எந்தக் கவருக்குள், எது எதோடு நாடா போட்டுக் கட்டியிருந்தது, எதன் பின்னால் யார் குறிப்பு எழுதினார். பத்து நிமிஷம் போதும். போனில் படம் பிடித்தாலே போதும். அந்தப் பத்து நிமிஷத்தை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கால்வேக்காரன், இன்று ஞாயிறு. கூடம் திறந்திருக்கும். போங்கள். ஏழு உறையையும் படம் பிடிக்க அனுமதி கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். கவர்களின் பின்பக்கத்தையும் எடுங்கள், வந்துசேர்ந்த ஊர் முத்திரை அங்கேதான் இருக்கும்.

கால்வேக்காரன் | ஞாயிறு, காலை 11.41

கிளம்பிவிட்டேன்.

டீச்சரம்மா | ஞாயிறு, பகல் 1.15

தம்பி வருவதற்குள் ஒன்று சொல்லி வைக்கிறேன். அயர்லாந்துக்காரர்களுக்குக் காகிதம் என்றால் ஏன் இத்தனை பதற்றம் என்பது தெரிய வேண்டும்.

1922 ஜூன் 30. உள்நாட்டுப் போர் தொடங்கிய வாரம். டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்தது. எழுநூறு ஆண்டுப் பதிவுகள் ஒரே பகலில் போயின. டிரினிட்டி கல்லூரி முன்னின்று அந்தக் காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டி, நூறாண்டு கழித்து 2022-ல் திறந்தது. எதை வைத்து? மற்ற நாடுகளிலும் மற்ற ஊர்களிலும் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த நகல்களை வைத்து. நகல் என்றால் மட்டமாக நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மறுமலர்ச்சிக் காலக் கடிதங்களில் பாதி உரையாடல்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. யேட்ஸ் நெடுங்காலம் காதலித்த மாட் கான் அவருக்கு எழுதியவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஏனென்றால் யேட்ஸ் பத்திரப்படுத்தினார். யேட்ஸ் மாட் கானுக்கு எழுதியவை முப்பது அளவில்தான். அந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில் படைவீரர்கள் மாட் கான் வீட்டைச் சோதனை போட்டுக் காகிதங்களை எரித்தார்கள். ஒரு கவிஞன் வாழ்நாளெல்லாம் ஒரு பெண்ணுக்கு எழுதியது தெருவில் சாம்பலானது. சிங் தன் காதலி மாலி ஆல்குட்டுக்கு எழுதியவை இருக்கின்றன. மாலியின் பதில்கள் ஒன்றுகூட இல்லை.

ஒலிவியா ஷேக்ஸ்பியர் கதை இதற்கு நேர்மாறு. அவர் ஒரு காலத்தில் யேட்ஸின் காதலி, கடைசிவரை தோழி. 1938-ல் அவர் இறந்ததும் யேட்ஸ் எழுதிய கடிதங்கள் யேட்ஸிடமே திரும்பி வந்தன. அந்தப் பெரிய கட்டும் 2017 ஏலத்துக்குப் பட்டியலில் வந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே லாட்டாகப் போட்டிருந்தார்கள். பெரிய பெயர் என்றால் அந்த மரியாதை கிடைக்கிறது. பிஸ்கட் டின்னுக்குக் கிடைப்பதில்லை.

வரப்பு | ஞாயிறு, பகல் 2.02

டீச்சர், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. காதல் கடுதாசியை ஊரே படிக்கணும்னு ஏன் ஆசைப்படறோம்? ஒலிவியாவுக்குப் புருஷன் இருந்தார். எழுதினவரும் வாங்கினவரும் இது நூலகத்துக்குப் போகும்னு நினைச்சா எழுதினாங்க? தபால் நிலையத்துச் சண்டை பொது விஷயம், சரி. மத்ததுல குடும்பம் கொஞ்சத்தை எரிச்சாக்கூட நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

டீச்சரம்மா | ஞாயிறு, பகல் 2.40

கோபம் இல்லை தம்பி. நியாயமான கேள்வி.

என் பதில்: பூட்டி வைக்கலாம், எரிக்க வேண்டாம். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸின் நண்பர் பால் லியோன் செய்ததைப் பாருங்கள். போர்க்காலப் பாரிஸில் ஜாய்ஸின் வீட்டிலிருந்து காகிதங்களை மீட்டு, ஒரு பகுதியை டப்ளின் தேசிய நூலகத்துக்குச் சேர வழி செய்தார். ஐம்பது ஆண்டு திறக்கக்கூடாது என்று நிபந்தனை. நூலகம் சொன்ன சொல் காப்பாற்றி 1991-ல்தான் திறந்தது. லியோன் யூதர்; 1942-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் நண்பனின் ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் குடும்பத்திடம் தங்கியிருந்த இன்னொரு பகுதியை 2002-ல் நூலகம் 1.26 கோடி யூரோவுக்கு வாங்கியது. பொது ஏலத்துக்கு விடாமல் நேரடியாகப் பேசி முடித்தார்கள். கட்டும் உடையவில்லை, குடும்பத்துக்கும் பணம் கிடைத்தது.

பூட்டுவதிலும் சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஜான் குவின் என்கிற நியூயார்க் வழக்கறிஞர்தான் அந்தத் தலைமுறை ஐரிஷ் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர். யேட்ஸின் அப்பா 1907 கடைசியில் நியூயார்க் போனவர் 1922-ல் சாகும்வரை திரும்பவே இல்லை. அவரைக் குவின் பார்த்துக்கொண்டார். பதிலுக்கு மகன் தன் கையெழுத்துப் படிகளை அனுப்பினார். குவினின் கடிதப் போக்குவரத்து நியூயார்க் பொது நூலகத்தில் இருந்தது. 1988 வரை படிக்கலாம், நகல் எடுக்கக்கூடாது. பீட்டர் கவானா என்பவர் தினமும் போய் உட்கார்ந்து படித்து, மனப்பாடம் செய்து, வெளியே வந்து எழுதி, தன் கை அச்சிலேயே 1960-ல் புத்தகமாக அடித்துவிட்டார். நூலகம் வழக்குப் போட்டது. கடைசியில் அவர் கையாலேயே கிழித்துப் போட வேண்டியதாயிற்று, இரண்டே படி மிஞ்சியது. மனப்பாடம் செய்து ஒரு புத்தகத்தை வெளியே கொண்டுவருகிற வேகம் நம் பழைய புலவர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் மீது எனக்குக் கோபமே வருவதில்லை.

குவின் செய்த இன்னொன்று மட்டும் ஜாய்ஸை வாட்டியது. ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலின் கையெழுத்துப் படியைக் குவின் 1924 ஜனவரியில் ஏலம் விட்டார். 1,975 டாலருக்கு பழம்புத்தக வியாபாரி ரோசன்பாக் வாங்கினார். இன்றும் அது ஃபிலடெல்ஃபியாவில்தான்.

பனித்துளி | ஞாயிறு, மாலை 4.20

ஒரு சின்ன சந்தேகம். கடிதத்தை ஏலத்தில் வாங்கினவர் அதை அச்சடித்துப் புத்தகமாகவும் போடலாமா?

சுத்தியல் | ஞாயிறு, மாலை 4.51

முடியாது. வாங்குவது தாளையும் மையையும்தான். எழுத்தின் காப்புரிமை எழுதியவர் வாரிசிடமே இருக்கும், அதன் காலம் முடியும்வரை. வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மறுபக்கம், தாள் கையில் இருக்கிறவர் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தால் வாரிசாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று: அயர்லாந்திலிருந்து பழைய ஆவணங்களை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். பெரிய குடும்பங்களுக்கு ஒரு வரிச் சலுகையும் உண்டு. தேசிய நிறுவனங்களுக்குக் கொடையாகக் கொடுத்தால், மதிப்பில் 80 சதவீதம் கட்டவேண்டிய வரியில் கழியும். ஆனால் கொடையின் மதிப்பு குறைந்தது 1,50,000 யூரோ இருக்க வேண்டும். கழிப்பதற்கு அந்த அளவு வரியும் கட்டவேண்டியிருக்க வேண்டும். பரண் டின்களுக்கு அந்தக் கதவு திறக்காது. சட்டம் எழுதியவர்கள் மாளிகைகளை நினைத்து எழுதியிருக்கிறார்கள், கிளைச் செயலாளர் வீட்டை நினைக்கவில்லை.

அடையாறு விழுது | ஞாயிறு, இரவு 8.33

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன், இதில் நம் ஊருக்கு நேரான ஒரு தொடர்பு இருக்கிறது.

ஜேம்ஸ் கசின்ஸ். பெல்ஃபாஸ்டில் 1873-ல் பிறந்தவர். டப்ளினில் மறுமலர்ச்சி நாடகக்காரர்கள் நடுவே இருந்த கவிஞர். நடிகர்களான ஃபே சகோதரர்களை ‘ஏ.ஈ.’ என்ற ஜார்ஜ் ரஸ்ஸலிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்தவர் அவர்தான். அந்தச் சந்திப்பிலிருந்துதான் 1902 ஏப்ரலில் ஏ.ஈ., யேட்ஸ் இருவரின் நாடகங்களும் டப்ளின் மேடை ஏறின. பின்னால் ஆபி தியேட்டர் என்ற தேசிய நாடக அரங்கம் ஆனதன் வேர் அது. அந்த மனிதர் 1915-ல் மனைவி மார்கரெட்டோடு அன்னி பெசன்ட் அழைத்து மெட்ராஸ் வந்து இறங்கினார். பெசன்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை. பிறகு அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் கல்லூரிப் பணி. மார்கரெட் 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். தாகூர் 1919-ல் மதனப்பள்ளி வந்தபோது ஜன கண மன பாட்டுக்கு ஸ்வரம் குறித்து வைத்தவரும் அவரே. மார்கரெட் 1954-ல், ஜேம்ஸ் 1956-ல் இந்த மண்ணிலேயே காலமானார்கள்.

இத்தனை வருஷம் இங்கிருந்தவர்கள் அயர்லாந்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதாமலா இருந்திருப்பார்கள்? அந்த நாட்டுப் பரண்களில் மெட்ராஸ் முத்திரை குத்திய கவர் ஏதாவது இருந்தால், அதில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட இந்திய ஸ்டாம்ப் இருக்கும். ஸ்டாம்ப்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கவரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுவார். கால்வேக்காரன் அண்ணா, பார்க்கும்போது இதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்வேக்காரன் | ஞாயிறு, இரவு 11.26

இப்போதுதான் படங்களைக் கணினியில் ஏற்றி முடித்தேன். 312 படம்.

சுத்தியல் அண்ணாவுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. கூடத்தில் இருந்த அம்மா ஒருவர் நான் கேட்டதும் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுத்து, ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சமும் காட்டினார். “யாரும் இதுவரை கேட்டதில்லை” என்றார். கவர்கள் 43. பின்பக்கமும் எடுத்துவிட்டேன். மெட்ராஸ் முத்திரை எதிலும் இல்லை விழுது, மன்னிக்கவும்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் மனம் நின்றுவிட்டது. இடது பக்கம் வகுப்புக்கு வந்தவர்கள் பெயர், வலது பக்கம் ஆளுக்கு ஒரு பென்னி. கொடுக்காதவர்கள் பெயருக்கு எதிரில் எழுதித் திருத்திய கோடு. கொடுத்ததாகவே செயலாளர் மாற்றிப் போட்டிருக்கிறார். பக்கத்தின் அடியில் அதே தொகையைத் தன் பெயரில் வரவு வைத்திருக்கிறார்.

நாளை காலை எங்கள் மாவட்ட நூலகத்துக்கு முதல் ஆளாகப் போன் செய்கிறேன்.

வரப்பு | ஞாயிறு, இரவு 11.50

அந்த ஒரு பென்னிப் பக்கம்... அண்ணே, அதை மட்டும் எப்படியாவது விட்டுடாதீங்க.

சுத்தியல் | திங்கள், காலை 8.02

நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவைக் கேளுங்கள். மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் சிறு தொகைக்கு வாங்க அந்தப் பிரிவுக்கு அதிகாரம் இருக்கலாம். ஏழையும் கேட்காதீர்கள். கடிதமும் கணக்கு நோட்டும் மட்டும் என்று சொல்லுங்கள். கவர் விலை ஏறிவிடும், அதோடு மோதவேண்டாம். ஏலம் முடிந்ததும் ஸ்டாம்ப்காரரைப் போய்ப் பாருங்கள். அவர்களுக்குக் கவரின் கதை தெரிந்தால் அவர்களும் மதிப்பார்கள். கதை தெரிந்த கவருக்கு விலையும் கூடும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கால்வேக்காரன் | திங்கள், இரவு 9.15

நடந்ததைச் சொல்கிறேன்.

நூலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு அனுமதி கிடைத்தது பதினொன்றரை மணிக்கு, அந்த லாட் வந்தது பன்னிரண்டேகாலுக்கு. கடிதம் லாட்டுக்கு எங்களை எதிர்த்து ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டார். ஏலக்காரர் நம் ஊர் மாதிரி ஒருதரம், ரெண்டுதரம் சொல்வதில்லை, சட்டென்று தட்டிவிடுகிறார். அந்த ஒரு நொடியில் என் நெஞ்சு நின்று போனது. கடிதங்கள், கணக்கு நோட்டு, நிகழ்ச்சி நிரல்கள் மூன்றும் நூலகத்துக்கு. சேர்த்து 290 யூரோ, கமிஷன் தனி. போட்டோக்களைத் தொலைபேசியில் யாரோ எடுத்தார். ரசீதும் பாடப்புத்தகமும் வேறு ஒருவருக்கு.

கவர்கள் எதிர்பார்த்தபடியே ஸ்டாம்ப்காரருக்கு. வயதானவர். வெளியே வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போய்ப் பேசினேன். பென்சில் எழுதிய கவரை எடுத்துக் காட்டி 1905 சண்டையைச் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன் என்றார். கடிதங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் விலாசச் சீட்டைக் கொடுத்து, விற்பதற்கு முன் எந்தக் கவர் யாருக்குப் போகிறது என்று நூலகத்துக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

டீச்சரம்மா | திங்கள், இரவு 9.40

தம்பி, கண் கலங்கிவிட்டது. படங்களை வைத்து எதற்கு எது ஜோடி என்று பார்த்தீர்களா?

கால்வேக்காரன் | புதன், இரவு 10.58

இரண்டு இரவு உட்கார்ந்தோம் டீச்சர், நானும் எங்கள் ஐரிஷ் வகுப்பு ஆசிரியையும். கடிதம் 38. கடிதத்தின் மடிப்பு அளவு, நாள், மாதம், கவர் முத்திரை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்ததில் 26 சேர்ந்துவிட்டன. இன்னும் 12 கடிதத்துக்கு வருஷம் தெரியவில்லை.

பென்சில் கவருக்கு உரியதும் கிடைத்தது. ஆசிரியை வாசித்துக்காட்டினார். பக்கத்துக் கிளையிலிருந்து சைக்கிள் வாத்தியார் எழுதியது. பாடப்புத்தகப் பார்சல் இன்னும் வந்து சேரவில்லை, வகுப்பில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இருக்கிற ஒரே புத்தகத்தை ஏழு ஏழு பேராகச் சுற்றி உட்கார்ந்து படிக்கிறோம், தலைகீழாக வாசிக்கக்கூடச் சிலர் பழகிவிட்டார்கள் என்று இருக்கிறது.

அந்த ஒரே பாடப்புத்தகம் ஏழாவது லாட்டில் இருந்ததாக இருக்கலாம். முதல் பக்கத்தில் நாலு பக்கமும் பெயர் எழுதியிருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். என் படத்தில் பதினொரு பெயர் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒன்பது கணக்கு நோட்டின் இடது பக்கத்தில் இருக்கின்றன.

வாங்கியவர் யாரென்று ஏலக்கூடத்தார் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் என் கடிதத்தை அவருக்கு அனுப்பி வைப்பதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். வாத்தியாரின் கடிதத்தின் நகலையும் உள்ளே வைத்து இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.